சிற்றுண்டிச்சாலைக்குப் பயறு

13 வயது முதல் 19 வயது வரையிற் பிள்ளைகள் விரைந்து வளர்வர். மாதந்தோறும் குருதி இழக்கும் பெண்பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மிகுதியும் வேண்டும். அது குறைந்தாற் சோர்வு தோன்றும். அதனைச் சோம்பலென்று பெற்றோர் கடிந்துகொள்வதுமுண்டு. பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் வாங்கும் கோதுமைமாப் பலகாரமும் இனிப்புப் பானமும் பசியை ஆற்றுமேயன்றி இக்குறையைப் போக்கா.

அவித்த பயறு மேலானது. உலர்ந்த பயறு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதமும் 6 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பும் உள. தேங்காய்ப்பூவுடன் தேசிக்காய்ச் சாறும் சேர்த்து உண்டால் இரும்பு உடலில் நன்கு சேரும். உடன் பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும்.

பெரும்போக அறுவடையின் பின், வயலில் ஈரம் வற்றுமுன் விதைத்த பயறு 60 முதல் 70 நாளிற் பலன் தரும். நீர் தேங்கும் வயல் ஏற்றதன்று. விளைச்சல் முழுவதையும் வியாபாரியிடம் கொடாது, ஒரு பங்கைச் சிற்றுண்டிச்சாலைக்கு வழங்குவதுபற்றி விதைக்குமுன்னரே பாடசாலை அதிபருடன் கமக்காரர் பேசிக்கொள்ளல் வேண்டும்.