உங்களுக்குத் தெரியுமா? 200 மீட்டர் 50 ஆகலாம்!

கோவளம் போன்ற ஊர்களின் பொதுக் கடற்கரையைக் காப்பது, 1986 சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வெளியிடும் ஓர் அறிவிக்கை. நாடாளுமன்ற வாக்கெடுப்பு இல்லாமலே அதை மாற்றலாம். அந்த அறிவிக்கையின் 1991 விதி, ஊரகக் கடலோரத்தில் உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டரைக் கட்டுமானத் தடைப் பகுதியாக்கியது. 2019 ஜனவரியில் வந்த புதிய விதியோ, 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேரைத் தாண்டிய ஊரகப் பகுதிகளில் அதை 50 மீட்டராகச் சுருக்க வழிவிட்டது.

மீனவர் வீடு கட்டத்தானே இது என்பார்கள். 100 மீட்டருக்கு அப்பால் அவர்கள் வீடு கட்ட 2011 விதியே இடமளித்தது. மற்றவர்களுக்கும் சலுகை விரிந்ததுதான் புதிது. சுற்றுலா வேலை தரும் என்பது மெய்தான். ஆனால் படகேற்றவும் வலை உலர்த்தவும் மணல் இல்லாவிட்டால் இருக்கும் தொழில் போகும். எனவே, இந்த எல்லைகளைக் காட்டும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தின் கருத்துக்கேட்பிலேயே ஊர்ப் பொதுநிலங்களைக் குறிக்கச் செய்வது அவசியம்.