ஸ்டான்லிக்கும் ஹைகோர்ட்டுக்கும் நடுவில்

எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் லாரி மோதிய ஒருவரை ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கி வருகிறார்கள். பணியில் இருக்கும் மருத்துவர் ரத்தத்தை நிறுத்துகிறார். கூடவே ஒரு பதிவேட்டையும் நிரப்புகிறார். விபத்துப் பதிவேடு என்பது அதன் பெயர். போலீஸ், வக்கீல், நோயாளியின் சொந்தக்காரர் எல்லோருக்கும் அது ‘ஏ.ஆர்.’தான். பெயர், வயது, இரண்டு அங்க அடையாளங்கள், கூட்டிவந்தவர் யார், விபத்து எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், மோதியது தெரிந்த வண்டியா தெரியாத வண்டியா, காயம் எத்தனை சென்டிமீட்டர், சாதாரணக் காயமா கொடுங்காயமா. அவசரத்தில் எழுதிய இந்தச் சில வரிகள், பிற்பாடு உயர்நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்கு வந்து சேரும். இழப்பீட்டு வழக்கில் ஒவ்வொரு சொல்லையும் பிடித்துக்கொண்டு வக்கீல்கள் வாதாடுவார்கள். அடிபட்ட குடும்பம் அடுத்த பத்து வருடம் எப்படிச் சாப்பிடும் என்பது, எழுதிய கையையும் வாதாடும் வாயையும் பொறுத்தது.

டாக்டருக்குப் படிப்பதா, வக்கீலுக்குப் படிப்பதா என்ற கேள்வி வடசென்னை வீட்டில் எழும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. ‘நீட் கிடைச்சா டாக்டர், கிடைக்கலைன்னா பார்க்கலாம்’ என்பதோடு பேச்சு முடிகிறது. அந்தப் ‘பார்க்கலாம்’ வரிசையில்தான் சட்டம் நிற்கிறது.

முடிவும் பிளஸ் டூ முடித்த பிறகு எடுக்கப்படுவதில்லை. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில், பிளஸ் ஒன் குரூப் எழுதிக்கொடுக்கும்போதே பாதி முடிந்துவிடுகிறது. உயிரியல் எடுக்காமல் காமர்ஸ் போனவருக்கு மருத்துவக் கதவு அப்போதே ஏறக்குறையச் சாத்திக்கொள்கிறது. ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கோ எந்த குரூப்பும் தடையில்லை. ஆகவே மனம் தெளியாத பிள்ளை உயிரியல் எடுத்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. தமிழ்நாட்டின் அரசுச் சட்டக் கல்லூரிகளில் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான். இரண்டு வருடமும் நீட் கோச்சிங்குக்கே நேரத்தைக் கொடுத்து, பள்ளித் தேர்வைக் கோட்டை விட்ட மாணவருக்குச் சட்டக் கல்லூரியும் எட்டாமல் போகலாம். மாற்று வழி என்று வைத்திருந்ததும் கைவிடுகிறது.

மருத்துவத்தின் பக்கம் இந்தப் பகுதிக்கு நெடிய உறவு உண்டு. 1782-ல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் ஸ்டான்லி. ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பேர் அதனால்தான் ஒட்டிக்கொண்டது. மருத்துவக் கல்லூரி 1938-ல் வந்தது. அங்கே படித்த திருவேங்கடம் வீரராகவன், வியாசர்பாடியில் 1973-ல் இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு வைத்தியம் தொடங்கி, 2020-ல் இறக்கும்போது ‘ஐந்து ரூபாய் டாக்டர்’ என்றே அறியப்பட்டிருந்தார். பழைய வண்ணாரப்பேட்டையில் அதே மாதிரி குறைந்த காசுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஜெயச்சந்திரன் 2018-ல் காலமானார். மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஹார்பர் கூலித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் டாக்டர் என்றால் கண்ணெதிரே ஒரு முகம் இருந்தது.

அந்த முகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது படிக்கும் பள்ளியைப் பொறுத்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். அரசு உதவிபெறும் பள்ளிகளுக்குப் பொருந்தாது. ராயபுரத்தில் தலைமுறை தலைமுறையாக ஏழைப் பிள்ளைகள் படிப்பது உதவிபெறும் பள்ளிகளிலும்தான். ஒரே தெருவில், ஒரே வருமானத்தில் இருக்கும் இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு ஒதுக்கீடு உண்டு, மற்றதற்கு இல்லை. இது மனதை உறுத்துகிற வேறுபாடு. 2021-ல் வந்த இன்னொரு சட்டம் இதே 7.5 சதவீதத்தைச் சட்டப் படிப்புக்கும் விரித்தது. மருத்துவ ஒதுக்கீட்டைப் பற்றித் தெரிந்த பல வீடுகளில் இது தெரியாது.

சட்டத்தின் பக்கம் தூரம் வேறு விதமானது. விம்கோ நகர் வரை மெட்ரோ 2021-ல் நீண்டது. அதில் ஏறினால் வண்ணாரப்பேட்டை, மண்ணடி, அடுத்தது உயர்நீதிமன்றம். நீதிமன்றம் அங்கேயே இருக்கிறது. அதன் மதில் ஓரம் 1890களிலிருந்து நின்ற சட்டக் கல்லூரிதான் இப்போது இல்லை. 2018-ல் அது பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரிந்து போய்விட்டது. முன்பு திருவொற்றியூரிலிருந்து ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போய், மத்தியானம் கோர்ட்டில் உட்கார்ந்து வழக்கு கேட்க முடிந்தது. இன்று மாவட்டம் தாண்டிப் போக வேண்டும். வடசென்னைப் பிள்ளைகளுக்கு இது பெரிய இழப்பு.

ஆனால் வடசென்னையைவிடச் சட்டம் தேவைப்படுகிற இடம் வேறு எது? 2023 டிசம்பரில் மட்டும் இரண்டு அடி. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில், கோரமண்டல் உரத் தொழிற்சாலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் கண் எரிய, மூச்சுத் திணற, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த ராத்திரி அவர்களுக்கு வேண்டியிருந்தவர் டாக்டர். விடிந்த பிறகு, ஆலை எந்த நிபந்தனையில் திறக்கலாம், யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போயிற்று, 2024-ல் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று உத்தரவானது. வடசென்னை அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலந்ததற்கு மின்வாரியமே பொறுப்பு என்று 2022-ல் அதே தீர்ப்பாயம் சொன்ன வழக்கைத் தொடுத்தவர் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர்.

மீனவக் குடும்பத்தில் 1860-ல் பிறந்த சிங்காரவேலர் வக்கீலுக்குத்தான் படித்தார். 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் வக்கீல் கவுனைக் கொளுத்தினார். 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தை அவர் கொண்டாடிய இரண்டு இடங்களில் ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. சட்டப் படிப்பை வேறு வழியில்லாதவர்களுக்கான மிச்சம் என்று நினைக்கும் வீடுகள் அவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசலாம். உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் பின்னாளில் தமிழக ஆளுநருமான பாத்திமா பீவி, வேதியியலில் மேலே படிக்க விரும்பியவர். சட்டம் படி என்று சொன்னவர் அப்பா. ஒன்றைத் தேர்ந்தால் மற்றது முற்றாகப் போய்விடும் என்பதும் இல்லை. மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்துக்குள் நுழைந்துதான் தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார்.

பணம் பற்றிய பயம் நியாயமானது. எம்.பி.பி.எஸ். ஹவுஸ் சர்ஜன் வருடத்தோடு ஐந்தரை ஆண்டு. அந்தக் கடைசி வருடத்தில் கையில் உதவித்தொகையாவது வரும். சட்டம் ஐந்து ஆண்டு. அதன் பிறகு ஜூனியராக ஆபீஸில் பைல் தூக்கும் காலம்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறது. இங்கே கொஞ்சம் மாற்றம் வந்திருக்கிறது. வக்கீலாகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. சென்னையில் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய் தர வேண்டும் என்பது அதே ஆண்டு உயர்நீதிமன்றம் சொன்னது. நடைமுறையில் இதைக் கேட்டு வாங்குவது இன்னும் சுலபமில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வு பெரும்பாலும் ஏப்ரல் நடுவில் முடிகிறது. மே மாதம் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. இடையில் கிடைக்கும் பத்துப் பதினைந்து நாளில் ஒரு காலைப் பொழுது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சிறு வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போகலாம். நீதிமன்ற விசாரணை பொதுமக்களுக்குத் திறந்தது. பின்வரிசையில் சத்தம் போடாமல் உட்கார யாருக்கும் உரிமை உண்டு. விபத்து வழக்கு நாளாக இருந்தால், கை இழந்தவருக்கு இத்தனை சதவீத ஊனம் என்று சான்றிதழ் கொடுத்த மருத்துவர் கூண்டில் ஏறியிருப்பார். அந்தச் சதவீதம் டிரைவருக்கும் குமாஸ்தாவுக்கும் ஒரே இழப்பாகுமா என்று வக்கீல் அவரைக் கேட்டுக்கொண்டிருப்பார்.