ஊர்பொறியும் திணையும்: 'டைட்டன்ஃபால் 2' கணினி விளையாட்டைத் தமிழாக்குவதில் எழும் இலக்கணச் சிக்கல்

முன்னுரை

ரெஸ்பான் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் உருவாக்கி, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2016 அக்டோபரில் வெளியிட்ட 'டைட்டன்ஃபால் 2' அறிவியல் புனைவு சார்ந்த போர் விளையாட்டாகும். ஆடுவோர் கதைமாந்தனின் கண்வழியே களத்தைக் காண்பர். அவன் 'டைட்டன்' எனும் பேருருவப் பொறியினுள் அமர்ந்து அதனை இயக்குகிறான். அவன் இறங்கிய பின்னும் அது தானே இயங்கும், பேசும். இத்தகைய பொறியைத் தமிழில் எத்திணையாற் சுட்டுவது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மயிற்பொறி

மனிதர் ஏறிச் செலுத்தும் பொறி தமிழ் இலக்கியத்திற்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதனை இயக்க விசயைக்குப் பயிற்றுவிக்கிறான். வலப்புறம் திருகின் அது மேலெழும். இடப்புறம் திருகின் கீழிறங்கும். கட்டியங்காரன் சூழ்ச்சியால் அரண்மனை முற்றுகையுற்றபோது, கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்புகிறாள். பகைவரின் வெற்றிமுரசு கேட்டு அவள் மயங்க, பொறி சுடுகாட்டில் இறங்குகிறது; அங்கே சீவகன் பிறக்கிறான். காக்க வேண்டும் என்னும் எண்ணம் சச்சந்தனுடையது. இயக்கும் கை விசயையுடையது. பொறிக்கெனத் தனி எண்ணம் இல்லை. எனவே அதனை அஃறிணையாகச் சுட்டுவதில் ஐயம் எழவில்லை.

பிடி-7274

டைட்டன்ஃபால் 2 இந்நிலையிலிருந்து வேறுபடுகிறது. தன் தலைவனை இழந்த பிடி-7274 என்னும் டைட்டன், சாதாரணப் படைவீரனான ஜாக் கூப்பருடன் இணைகிறது. இயக்குநருடன் இணைதல், பணியை நிறைவேற்றல், இயக்குநரைக் காத்தல் ஆகிய மூன்று நெறிகள் அதற்கு விதிக்கப்பட்டுள்ளன. கதையின் இறுதியில் அது கூப்பரைத் தன்னினின்று வெளியே எறிந்து காத்து, பகைவரின் பேரழிவுக் கருவியோடு தானும் அழிகிறது. இங்கே அவனைக் காக்கும் செயலைப் பொறி தானே செய்கிறது.

மூவிடமும் திணையும்

பொறி தன்னை 'நான்' எனக் கூறுமிடத்து இலக்கண நூல்கள் வேறுபடுகின்றன. தொல்காப்பியம் தன்மைப் பெயர்களை உயர்திணையுள் அடக்குகிறது. நன்னூல் தன்மை, முன்னிலைப் பெயர்களை இருதிணைக்கும் பொதுவாக்குகிறது. நன்னூல் வழிப்படி, பொறி 'நான் வந்தேன்' எனினும், வீரன் அதனை 'நீ வந்தாய்' எனினும் திணை வெளிப்படாது.

சிக்கல் படர்க்கையில் எழுகிறது. 'வந்தான்', 'வந்தது' என வினைமுற்றே திணையைக் காட்டிவிடுவதால் மொழிபெயர்ப்பாளர் இரண்டிலொன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். பிரெஞ்சு மொழியில் ஆண்பாற் சுட்டுப்பெயர் ஒன்றே ஆடவரையும் ஆண்பாற்சொல்லாகக் கொள்ளப்படும் பொருளையும் குறிப்பதால், அங்கு இந்நெருக்கடி இல்லை. முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தவளக்குப்பம் போன்ற புதுச்சேரி ஊர்களில் இருமொழியும் அறிந்தோர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

மக்கள், தேவர், நரகர் ஆகியோரையே நன்னூல் உயர்திணை என்கிறது. அதன்படி பொறி அஃறிணையே. ஆயினும் உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகியன காரணமாகத் திணை மயங்குதலையும் அந்நூல் வழுவமைதியாக ஏற்கிறது. ஆவினை அன்னையாகக் கருதி உயர்திணை முடிபு கொடுத்து உரைக்கும் வழக்கு இதற்குச் சான்றாகக் காட்டப்படும். உவப்பினால் ஆவிற்குப் பொருந்துவது பிடி-7274க்கும் பொருந்தும்.

முடிவுரை

ஆகவே கதை முழுவதும் ஒரே திணையைக் கையாள வேண்டியதில்லை. கூப்பர் அதனை வெறும் போர்க்கருவியாகக் காணும் தொடக்கத்தில் 'அது' என்றும், நட்பு முதிர்ந்தபின் 'அவன்' என்றும் தமிழாக்குதல் தகும். மூலத்தில் உரையாடலும் நிகழ்வும் உணர்த்தும் உறவின் வளர்ச்சியைத் தமிழில் வினைமுற்றின் விகுதியே உணர்த்திவிடும். தொடக்கம் முதலே 'அவன்' எனின் அவ்வளர்ச்சி மறையும். இறுதிவரை 'அது' எனின் பொறியின் தன்னிழப்பு ஒரு கருவியின் சேதமாகச் சுருங்கும். பேசும் பொறிகள் பெருகிவரும் இக்காலத்தில், திணை வழுவமைதி பழைய உரைகளோடு நின்றுவிடும் விதியன்று. மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றும் பயன்படும் கருவியாகும்.