அலைக்குத் தொண்டை எது?

தரங்கம்பாடிக்குப் போனால் எடுத்த எடுப்பில் கோட்டைக்குள் ஓடிவிடாதீர்கள். கரையில் நின்று கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்தது அங்கே கேட்கும் சத்தம்தான்.

தரங்கம் என்றால் அலை. 'அலை பாடும் ஊர்' என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்குக்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, நானூறு ஆண்டாக இந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் அதைவிட முந்நூறு ஆண்டு மூத்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது.

சரி, அலைக்குத் தொண்டை எங்கே இருக்கிறது?

தண்ணீர் மணலில் மோதும் சத்தம் என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்தேன். உண்மையில் பெரும்பாலும் பாடுவது காற்றுக்குமிழிகள்! அலை சுருண்டு கவிழும்போது கொஞ்சம் காற்றையும் உள்ளே அமுக்கிக்கொள்கிறது. அது ஆயிரமாயிரம் குமிழிகளாக உடைகிறது. ஒவ்வொரு குமிழியும் பிறந்த கணத்தில் சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து துடிக்கும். உள்ளே இருக்கும் காற்று, ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அந்தத் துடிப்பே நம் காதுக்குச் சத்தமாக வருகிறது. துடிப்பு அடங்கியதும் குமிழி ஊமையாகிவிடும். வெள்ளை நுரை சத்தமில்லாமல் மிதப்பதைப் பார்த்திருப்பீர்களே!

மின்னார்ட் என்ற விஞ்ஞானி 1933-இல் இதற்குக் கணக்குப் போட்டார். 2 மில்லிமீட்டர் அகலக் குமிழி நொடிக்குச் சுமார் 3,000 தடவை துடிக்கும். அதனால் 'கீச்' குரல். 2 சென்டிமீட்டர் குமிழிக்குச் சுமார் 300 தடவைதான், கட்டைக் குரல். சிறிதும் பெரிதுமாக எல்லாக் குமிழிகளும் ஒரே நேரத்தில் பாடுவதால்தான் நமக்கு 'ஹோ' என்று கேட்கிறது. காலடியில் சின்ன அலை சலசலக்கும். தூரத்துப் பெரிய அலை குமுறும். கண்ணை மூடச் சொன்னது இதற்காகத்தான்.

கடல் பக்கத்தில் இல்லையா? குளியலறை வாளியில் தண்ணீர் நிரப்பி, குழாயைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 'டிளக்' என்று கேட்கிறதா? அதுவும் சொட்டின் அடியில் சிக்கிய ஒரு குட்டிக் குமிழியின் குரல். வாளியில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்துவிட்டு மறுபடி கேளுங்கள். சொட்டு விழும், 'டிளக்' வருகிறதா என்று பாருங்கள்.