நொடிக்கு 22 அசைகள்

விண்டோஸ் கணினி வைத்திருப்பவர்கள் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், எண்டர் மூன்றையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள். இதுவரை வாய் திறக்காத பெட்டி பேசத் தொடங்கும். டேப் விசையைத் தட்டத் தட்ட, எங்கே நிற்கிறீர்கள், அது பொத்தானா இணைப்பா என்று சொல்லிக்கொண்டே வரும். அதன் பெயர் நேரேட்டர். அணைப்பதற்கும் அதே மூன்று விசைகள்தான். பதறிப்போய் மின்சாரத்தைப் பிடுங்கிவிடாதீர்கள்.

இவ்வகை மென்பொருளைத் திரைவாசிப்பான் என்கிறோம். புழங்குகிறவர்கள் ஸ்கிரீன் ரீடர் என்றே சொல்கிறார்கள். பெயர்தான் திரைவாசிப்பான், பெரும்பாலும் அது திரையைப் பார்ப்பதே இல்லை. திரையில் உள்ள ஒவ்வொரு பொருளைப் பற்றியும் இயங்குதளத்திடம் ஒரு பதிவு உண்டு: பெயர், வகை, இப்போதைய நிலை. அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிச் சொல்வதுதான் அதன் வேலை. செயலியை எழுதியவர் ஒரு பொத்தானுக்குப் பெயர் வைக்க மறந்துவிட்டால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் காதில் விழுவது "பொத்தான்" மட்டுமே. பணம் அனுப்பும் பக்கத்தில் மூன்று "பொத்தான்"கள் அடுத்தடுத்து வந்தால், எதை அழுத்துவது?

எதைச் சொல்வது என்று திரைவாசிப்பான் முடிவு செய்கிறது. எப்படிச் சொல்வது என்பது பேச்சொலியாக்கியின் பொறுப்பு. லினக்ஸில் இவ்விரண்டுக்கும் நடுவே ஸ்பீச் டிஸ்பேட்சர் என்றொரு நிரல், நாற்சந்திக் காவலர்போல் நிற்கிறது. வரும் செய்திகளை அது ஐந்து தரமாகப் பிரிக்கிறது. அவசரச் செய்தி வந்தால் மற்றவை வழிவிட வேண்டும். கோப்பு இறங்கும் சதவீதம் போன்றவை கடைசித் தரம். வேறு பேச்சு நடந்தால் அவற்றை விட்டுவிடலாம். ஆனால் அந்த வரிசையின் கடைசிச் செய்தியை மட்டும் விடாமல் சொல்லிவிடும். நூறு சதவீதம் முடிந்தது என்பதைத்தானே நாம் காத்திருந்து கேட்கிறோம்!

விண்டோஸில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே குரல்களுக்கு எஸ்ஏபிஐ 5, ஒன்கோர் என்று இரண்டு வீடுகள். ஒன்றில் குடியேறிய குரல் மற்றதில் தெரியாது. "குரலை இறக்கினேன், பட்டியலில் காணோம்" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். விண்டோஸின் தமிழ்க் குரலுக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர் வள்ளுவர். அவர் பட்டியலில் வராவிட்டால், எந்த வீட்டில் இருக்கிறார் என்று தேடிப் பாருங்கள்.

பலர் நாடும் திரைவாசிப்பான் என்விடிஏ. பார்வையற்றவரான மைக்கேல் கர்ரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. ஜேம்ஸ் டே அவரோடு சேர்ந்தார். இலவசம், திறமூலம். அதனுடன் எஸ்பீக் என்ற பேச்சொலியாக்கியும் வருகிறது. முதன்முதலில் கேட்பவர் முகம் சுளிப்பார்: தகர டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல் இருக்கும். ஆனால் பல ஆண்டுகள் பழகியவர்களில் பலர், மனிதக் குரலை ஒதுக்கிவிட்டு இந்தத் தகரக் குரலிலேயே நிற்கிறார்கள்.

காரணம் வேகம். ஜெர்மனியின் டூபிங்கன் ஆய்வாளர்கள் கண்டது இது: பழகிய பார்வையற்றோர் சிலர் நொடிக்குச் சுமார் 22 அசைகள் வரை கேட்டுப் புரிந்துகொள்கிறார்கள். பார்வையுள்ளவர்கள் எட்டு, பத்திலேயே திணறிவிடுவார்கள். அந்த வேகத்தில் பார்வைக்கான மூளைப் பகுதியும் கூடவே இயங்குவதைக் கண்டார்கள். நமக்கு வண்டுச் சத்தமாகக் கேட்பது அவர்களுக்குத் தெளிவான கட்டுரை.

மனிதர் பேசிப் பதிவு செய்த குரலை இவ்வளவு இறுக்கினால் ஒலிகள் ஒன்றோடொன்று குழம்பிவிடும். எஸ்பீக் பதிவை நறுக்கி ஒட்டுவதில்லை. கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்குகிறது. 'ஈ' என்றால் வாய்க்குழியின் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸ் அருகே, இரண்டாவது 2300 அருகே. 'ஆ' என்றால் 700, 1100. வேகத்தை ஏற்றினால் புதிதாகக் கணக்குப் போடும், ஓரங்கள் மழுங்காது. நிரலும் சில மெகாபைட்தான், விசையைத் தொட்டதும் பதில் வந்துவிடும். என்னைக் கேட்டால், இனிமையைவிட இந்த உடனடித்தன்மை பெரிது.

என்விடிஏவில் இன்செர்ட், கண்ட்ரோல், வி சேர்த்து அழுத்தினால் குரல் அமைப்புகள் திறக்கும். வேகம், சுருதி, ஒலியளவு, ஏற்ற இறக்கம், நிறுத்தக்குறிகளில் எத்தனையைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கே. நாவல் கேட்பவருக்குக் காற்புள்ளி சொல்லப்பட்டால் எரிச்சல். நிரல் எழுதுபவருக்கோ ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் வேலை கெட்டது. அதனால் செயலிக்கு ஒன்றாக அமைப்புத் தொகுதிகளைச் சேமித்து வைக்கலாம். தொடர் வாசிப்புக்கென்று தனி வேகமும் வைக்கலாம். எல்லாவற்றையும் கலைத்து, எதுவும் புரியாத குரலில் மாட்டிக்கொண்டால்? இன்செர்ட், கண்ட்ரோல், ஆர்: மூன்று முறை விரைவாக. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். கண்ணால் பார்த்துச் சரிசெய்ய முடியாதவருக்கு இது கிணற்றில் தொங்கும் கயிறு.

தமிழுக்கு வருவோம். நம் எழுத்தில் 'க' ஒன்றுதான். கல், தங்கம், மகன் மூன்றிலும் ஒலி வேறு. இதற்கு விதி உண்டு, கணினிக்குக் கற்பிக்கலாம். ஆனால் காந்தளும் காந்தியும் எழுத்தில் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன, ஒலியில் அல்ல. எந்த விதியைக்கொண்டு பிரிப்பது? உச்சரிப்பு அகராதியில் திருத்தி எழுதலாம் என்றால், அங்கேயும் காந்தியின் முதல் ஒலிக்குத் தமிழில் தனி எழுத்து இல்லை. "5-ஆம்" என்பதை "ஐந்தாம்" என்று சேர்த்து வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தாக வேண்டும்.

இவையெல்லாம் மெல்ல மெல்லத் தீரும். எந்த அமைப்பாலும் தீராத ஒன்று நம் கையில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் "தமிழ்" என்று தட்டினால் திரையில் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் அதை "ஜே, கே, பி, ஓ" என்றுதான் வாசிக்கும். சங்கச் சுற்றறிக்கையோ, சிறுகதையோ, கல்யாணப் பத்திரிகையோ, அடுத்த முறை யாருக்காவது அனுப்பும்போது தயவுசெய்து யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.