வெம்மையும் உயிரணுவும்

திருவண்ணாமலையில் கோடை நண்பகலில் மலைவலம் வருவோர் வெயில் பொறாது மண்டபங்களில் ஒதுங்குவர். வெம்மை தணிந்ததும் வழி நடப்பர். இதனை ஒத்த நிகழ்ச்சியொன்று, பழக்கடைகளில் மொய்க்கும் சிறு பழ ஈயின் உயிரணுவுள்ளும் காணப்படுகின்றது.

உயிரணுவின் உட்கருவில் மரபணுக்கள் உள்ளன. அவற்றின் செய்தி ஆர்.என்.ஏ. என்னும் படியாக எழுதப்பெறும். இதுவே படியெடுத்தல் எனப்படும். அப்படிகளைச் செப்பனிடும் புரதங்களுள் பணியில் ஈடுபடாதவை, நுண்ணிய புள்ளிகளாக உட்கருவில் பரந்திருக்கும். காசி இந்துப் பல்கலைக்கழகத்து அறிஞர் லகோட்டியாவும் அவர்தம் குழுவினரும் 2000ஆம் ஆண்டில் இவற்றை ஒமேகாப் புள்ளிகள் எனப் பெயரிட்டு விளக்கினர்.

வெப்பம் 37 பாகை செல்சியசை எட்டினால், பெரும்பாலான மரபணுக்களின் படியெடுப்பு நின்றுவிடும். உடனே புள்ளிகள் மறைய, அப்புரதங்கள் எச்.எஸ்.ஆர். ஒமேகா என்னும் ஒரு மரபணுவின் இடத்தில் திரளும். வெம்மை நீங்கியபின் அவை மீண்டும் பரவும்; நின்ற பணியும் தொடங்கும். அம்மரபணுவின் ஆர்.என்.ஏ. குறைந்த ஈக்களிலோ இம்மீட்சி தடைப்படுகின்றது. வெம்மை நீங்கிய பின்னரும் அவற்றுட் பல மடிகின்றன. இதனை அக்குழுவினர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இடுக்கண் வருங்கால் ஒடுங்குதல் மட்டும் போதாது. அது கழிந்தபின் தத்தம் பணிக்கு மீளுதலும் உயிர் வாழ்தற்கு இன்றியமையாதது.