மோட்டார் விதானத்தில் மழைக் கறை

மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பத்தார் வண்டியின் வெளிப்புறத்தைத் தினந்தோறும் துடைக்கிறார்கள். காலடி விரிப்பையும் உதறுகிறார்கள். தலைக்கு மேலே அண்ணாந்து பார்ப்பவர் மட்டும் அரியர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்த பிறகு, பின் ஆசனத்தில் சாய்ந்திருக்கும் குழந்தைதான், "அப்பா, மேலே இலங்கைப் படம்!" என்று கையை நீட்டிக் காட்டும். அன்று வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லத் தொடங்குவார்கள். அவற்றுள் பெரும்பாலானவை கறையைப் பெரிதாக்கும் வைத்தியங்களே.

பழைய நாளைய மோட்டார்களில் விதானத் துணியைக் கம்பி வளைவுகளில் தொங்கவிட்டிருந்தார்கள். இக்காலத்து வண்டிகளிலோ, அச்சில் வார்த்த பலகையின்மேல் மெல்லிய நுரைப் படலமும், அதன்மேல் துணியும் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. ஜலம் மிகுந்தால் பசை நெகிழும். அழுத்தித் தேய்த்தால் நுரை பொடியும். பிறகு துணி, மழைநீர் தேங்கிய பந்தல்போல் தலைமேல் தொங்கும். ஆகவே கறையைவிடக் கறை நீக்குபவரிடமே விதானத்துக்கு அபாயம் அதிகம்.

கறையின் நடுவிடம் வெளுத்திருக்க, விளிம்பு மட்டும் கறுத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஈரம் உலரும்போது விளிம்பில் ஜலம் விரைவாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய நடுவிலுள்ள ஜலம் விளிம்பை நோக்கி ஓடுகிறது. கரைந்திருந்த அழுக்கையும் உடன் கொண்டு சென்று அங்கே விட்டு விடுகிறது. மேஜைமேல் சிந்திய காப்பி வட்டமாகக் காய்வதும் இதனால்தான். 1997-ல் சிக்காகோ சர்வகலாசாலையில் ராபர்ட் டீகன் முதலியோர் இதை ஆராய்ந்து விளக்கினார்கள். இதிலிருந்து ஒன்று விளங்கும். கறையுள்ள இடத்தை மட்டும் நனைத்துத் துடைத்தால், பழைய வட்டத்துக்கு வெளியே ஒரு புதிய வட்டம் தோன்றும்.

துடைப்பதற்கு முன் ஜலம் எவ்வழி வந்தது என்று காண வேண்டும். ஒழுக்கை அடைக்காமல் கறையைப் போக்குவது, கூரை ஓட்டை மாற்றாமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. முன் கண்ணாடியின் ஓரம், கூரைமேலுள்ள ரேடியோக் கம்பியின் அடி, கதவு ரப்பர் ஆகிய இடங்களில் கீழிருந்து மேலாக, ஒவ்வோரிடமாக ஜலம் விட்டு, உள்ளே ஒருவர் டார்ச்சு விளக்குடன் பார்ப்பது நல்லது. கூரையில் கண்ணாடிச் சாளரம் உள்ள வண்டியானால் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் செல்ல வேண்டும். அச்சாளரத்தைச் சுற்றியுள்ள கால்வாயின் மூலைகளில் சிறு துவாரங்கள் உண்டு. உள்ளே விழும் மழைநீர் அவற்றின் வழியே குழாய்களில் இறங்கி வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். வேப்பமர நிழலில் நிற்கும் வண்டியில் சருகும் தூசும் இத்துவாரங்களை அடைத்து விடுகின்றன. மெல்லிய நைலான் நரம்பை மெதுவாக உட்செலுத்தி அடைப்பை எடுக்கலாம். இரும்புக் கம்பி வேண்டாம்; குழாய் கழன்றுவிட்டால் விதானத்தை இறக்காமல் மாட்ட முடியாது.

ஒழுக்கு நின்றபின், கண்ணாடிகளைத் திறந்து வைத்து, உள்ளிருக்கும் நுரையும் நன்றாக உலர விடுக. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும். மூடிய வண்டியில் அக்காற்றைச் சுவாசிப்பது காச இழுப்புள்ள குழந்தைகளுக்கு ஆகாது.

சுத்தம் செய்யும் ஜலம் எது என்பது முக்கியம். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று ஜலம் உப்பு மிகுந்தது. அதுவே தனிக் கறை உண்டாக்கும். பாட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த ஜலம் உத்தமம். வெள்ளை வினிகர் ஒரு பங்குக்கு இந்த ஜலம் மூன்று பங்கு சேர்த்து, கண்ணில் படாத மூலையில் முதலில் சோதித்துப் பார்க்கவும். சாயம் போகாவிடில், வெள்ளைப் பருத்தித் துணியை அதில் நனைத்து, சொட்டுக்கூட விழாதபடி பிழிந்து, விதானம் முழுவதையும் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே திசையில் இலேசாக ஒற்றித் துடைக்கவும். பின்னர் வெறும் ஜலத்தில் பிழிந்த துணியால் அவ்வாறே ஒருமுறை துடைத்து, விசிறிக் காற்றில் உலர்த்தவும். விசேஷப் புட்டிகளுக்குப் பெரும் பணம் கொடுக்க அவசியமில்லை.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் நம் நாட்டுச் சரக்குகள். அவற்றினிடம் நமக்குள்ள அபிமானம் சிறிதன்று. ஆயினும் அவற்றின் சாற்றுக்கே பழுப்பு நிறம் உண்டாதலால் இங்கே அவை உதவா. சலவைத் தூள் துணியின் நிறத்தையே கொண்டுபோய் விடும். கதவுகளுக்கு மேலுள்ள விதான ஓரத்தை எக்காரணத்தாலும் பிடித்து இழுக்கலாகாது. பல வண்டிகளில் விபத்துக் காலத்தில் விரியும் காற்றுப்பை அங்கேதான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

இரண்டு முறை துடைத்தும் பழுப்பு திரும்பி வந்தால், அது பலகையிலிருந்தே ஊறுகிறது என்று கொள்ளலாம். அப்போது புதுத் துணி போடுவதே வழி. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் விசாரித்தால் அவ்வேலை தெரிந்தவர்கள் அகப்படுவார்கள்.

பழைய வண்டி வாங்குவோருக்கு இவ்விஷயம் இன்னொரு வகையிலும் பயன்படும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் முழுகின. அத்தகைய வண்டியைத் துடைத்து மெருகிட்டு விற்பவரும் இருக்கக்கூடும். மேலிருந்து ஒழுகிய கறை வட்டமாயிருக்கும். வெள்ளம் ஏறிய கறை, தூண்களின் துணியில் மட்டமான கோடாகத் தெரியும். பழைய வண்டியில் விதானம் மட்டும் புத்தம் புதியதாயிருந்தாலும் காரணம் கேட்க வேண்டியதே. கோடு எதுவும் தென்படாவிடில், ஆசனப் பட்டையைக் கடைசிவரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் இருக்கும் பாகத்தைத் துவைக்க விற்பவருக்குப் பெரும்பாலும் தோன்றியிராது.